இருமொழியில் அறிவியல்: வேல்ஸிலிருந்து தாராவிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளையைத் தமிழ்வழியில் விடுவதா, ஆங்கிலவழியில் சேர்ப்பதா என்ற விவாதம் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதெல்லாம் மும்பைத் தமிழர்களிடையே கிளம்பும். வாசகர் கடிதப் பகுதியிலும் அது தவறாமல் எதிரொலிக்கும். எழுதுகிறவர்கள் எல்லாரும் பள்ளியின் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறார்கள். அறிவியல் வகுப்புக்குள் எந்த நேரத்தில் எந்த மொழி புழங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பலகையில் எந்த மொழி இருந்தாலும், தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் அண்டாப்ஹில்லிலும் அறிவியல் வகுப்பு இரண்டு மொழியில்தான் நடக்கிறது. அது திட்டமில்லாமல் நடப்பதுதான் அறிவியல் ஆசிரியர்களான எங்களுக்குக் குறையாகப் படுகிறது.

வழக்கமாக நடப்பது இது. ஆசிரியர் புத்தகத்திலிருந்து ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பார். உடனே அதையே தமிழில் சொல்வார், தமிழ் தெரியாதவரானால் இந்தியில் சொல்வார். அடுத்த வரிக்குப் போவார். கேட்பதற்கு அக்கறையான முறையாகத் தோன்றும். ஆனால் இரண்டே வாரத்தில் பிள்ளைகள் ஆங்கில வரி வரும்போது காதைச் சாத்திக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். அதன் பொருள் எப்படியும் அடுத்த மூச்சில் தமிழில் வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாடம் புரிந்துவிடுகிறது. தேர்வுத்தாளில் ஆங்கில வரி துணையில்லாமல் தனியே வந்து நிற்கும்போதுதான் சிக்கல். வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை நிறுத்துவது முதல் வேலை. அதற்குப் பதில் என்ன செய்வது என்பதற்கு, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் ஓரளவு வழிகாட்டுகின்றன.

வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வெல்ஷ் மொழி பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர், அதாவது 17.8 சதவீதம். பக்கத்திலேயே ஆங்கிலம் போன்ற பெருமொழி இருக்க, இவ்வளவு சிறிய மொழியில் அவர்கள் இயற்பியலும் வேதியியலும் நடத்துகிறார்கள். எடுத்த எடுப்பில் அந்த நிலைக்கு வந்துவிடவில்லை. வெல்ஷ்வழி மேல்நிலைப் பள்ளிகளில் முதலாவதான அஸ்கோல் க்ளான் க்ளூயிட் 1956இல் ரில் நகரில் தொடங்கியது. அத்தகைய பள்ளிகளின் தொடக்க காலத்தில் வரலாறும் புவியியலும் வெல்ஷில் நடந்தன, கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தன. சொற்கள் இல்லை, புத்தகம் இல்லை, ஆசிரியர் இல்லை என்று அன்று சொன்ன காரணங்கள் நமக்கும் பழக்கமானவைதான். பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். பள்ளிப் பாடங்களுக்கான கலைச்சொற்களைத் தரப்படுத்தி வெளியிட்டார்கள். பாங்கர் பல்கலைக்கழகம் பராமரிக்கும் அந்தக் கல்விச் சொல்லகராதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

தேர்வையும் சொல்ல வேண்டும். 1948இல் உருவான வேல்ஸ் கூட்டுக் கல்விக் குழுதான் அங்கே வினாத்தாள் தயாரிக்கிறது. பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இயில், 2016இல் நடைமுறைக்கு வந்த அதன் இரட்டை அறிவியல் பாடத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள், ஆக ஆறு தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒன்றேகால் மணி நேரம், 15 சதவீத மதிப்பெண். மீதி 10 சதவீதம் செய்முறைக்கு. எல்லாத் தாளும் இரு மொழியிலும் உண்டு. கேள்வி ஒன்றே, படம் ஒன்றே, மதிப்பெண் பங்கீடும் ஒன்றே. பழைய வினாத்தாள்களும் விடைக் குறிப்புகளும் இரு மொழியிலும் வெளியாகின்றன. பாடத்தில் படித்த சொல்லும் தேர்வில் வரும் சொல்லும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி மாணவனுக்கு இருக்கிறது.

இருமொழிப் பள்ளி என்று அங்கேயும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. 2007இல் வேல்ஸ் அரசு வெளியிட்ட வகைப்பாட்டில் இருமொழி மேல்நிலைப் பள்ளிகளை மட்டும் நான்கு உட்பிரிவாகப் பிரித்தார்கள். ஒரே பள்ளிக்குள் ஒரு பிரிவு அறிவியலை வெல்ஷிலும் இன்னொரு பிரிவு ஆங்கிலத்திலும் படிப்பது ஒரு வகை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பில் இரு மொழியையும் கலந்து நடத்துவது வேறொரு வகை. 2021இல் இந்த வகைகளை மாற்றிச் சுருக்கினார்கள். வகை எதுவானாலும் எந்தப் பாடத்தில் எவ்வளவு எந்த மொழி என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் ஊரில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் அப்பா அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டால் அலுவலகத்தில் விழிப்பார்கள்.

வகுப்பறை முறை என்று பார்த்தால் முக்கியமானவர் கென் வில்லியம்ஸ். பாங்கரில் 1994இல் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வில், வெல்ஷ் வகுப்பறைகளில் திட்டமிட்டு மொழி மாற்றிக் கற்பிக்கும் ஒரு முறைக்கு அவர் பெயர் கொடுத்தார். ஒரு மொழியில் வாசி அல்லது கேள், இன்னொரு மொழியில் எழுது அல்லது பேசு என்பது அதன் சாரம். ஆங்கிலப் பத்தியை வாசித்துவிட்டு ஆங்கிலத்திலேயே விடை எழுதச் சொன்னால் பிள்ளை வரியை அப்படியே பார்த்து எழுதிவிடலாம், ஒன்றும் புரிந்திருக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொன்னால் அப்படிப் பார்த்து எழுத வழியில்லை. பொருள் மண்டைக்குள் ஒரு சுற்று சுற்றித்தான் வெளியே வர வேண்டும்.

இதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. தென்கிழக்கு வேல்ஸில் வெல்ஷ்வழிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். வெல்ஷில் இயற்பியல் படித்தாலும் அவர்களுக்கு ஆங்கிலம் வராமல் போய்விடும் என்ற பயம் இல்லை. தாராவிப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, 2020 சட்டத்துக்குப் பிறகு எந்தப் பள்ளியானாலும் மராத்தி. ஆங்கிலம் புத்தகத்துக்குள் மட்டும் இருக்கிறது. அங்கே சிறுமொழியைக் காப்பது கேள்வி, இங்கே ஆங்கிலத்துக்குள் நுழையும் வாசலைக் கட்டுவது கேள்வி. ஆகவே முறையை எடுத்துக்கொள்ளலாம், மொழிகளின் அளவை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மகாராஷ்டிரத்துக்கு இது புதிதும் அல்ல. செமி இங்கிலீஷ் என்ற பெயரில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திலும் மற்ற பாடங்கள் மராத்தியிலும் நடக்கும் வகுப்புகள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் அறிவியல் தொழில்நுட்பம் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 40 மதிப்பெண், உள்மதிப்பீடு 20. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தால் பாடம் ஆங்கிலத்தில். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்த மாற்றம் ஒரே கோடை விடுமுறையில் நடந்துவிடுகிறது. நன்றாகப் படித்த பிள்ளை கல்லூரி சேர்ந்த முதல் பருவத்தில் பின்தங்குவதற்கு இயற்பியல் தெரியாதது பல நேரம் காரணமே அல்ல.

இனி வகுப்பறைக்குள் செல்வோம். ஒன்பதாம் வகுப்பு மின்னோட்டப் பாடத்தை எடுத்துக்கொள்கிறோம். தமிழ்ப் பேச்சு வழக்கு உதவியும் செய்கிற, குழியும் பறிக்கிற பாடம் அது.

முதல் வகுப்பு முழுவதும் தமிழில். கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் பேசும் நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: ‘கரண்ட் போச்சு’, ‘வோல்டேஜ் கம்மியா இருக்கு’, ‘கரண்ட் பில் ஏறிடுச்சு’, ‘கரண்ட் அடிச்சிடுச்சு’. ஒவ்வொன்றும் எந்த அளவைப் பற்றிப் பேசுகிறது என்று பிள்ளைகள் குழுவாகப் பேசி முடிவு செய்யட்டும். முதலாவது, மின்வழங்கல் நின்றுபோனதைச் சொல்கிறது. இரண்டாவது, மின்னழுத்த வேறுபாடு. மூன்றாவது, ஆற்றல். மும்பையில் மின்சாரம் வழங்கும் பெஸ்ட் நிறுவனம் அனுப்பும் பில்லில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். நான்காவதில்தான் உண்மையிலேயே மின்னோட்டம் வருகிறது, அது உடம்பு வழியாகப் பாய்ந்த மின்னோட்டம். வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘கரண்ட்’ என்ற ஒரே சொல் என்பதால், புத்தகத்தில் கரண்ட் என்று வரும்போது பிள்ளை இந்த நான்கையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. இந்த ஒரு வகுப்பை மிச்சப்படுத்தினால் அடுத்த ஆறு வகுப்பும் வீண்.

அதே வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் சொல்தாள் கொடுக்க வேண்டும். பாடத்துக்குப் பத்துச் சொல், அதற்கு மேல் வேண்டாம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், நடுவில் குறியீடும் அலகும். மின்னோட்டம், மின்னழுத்த வேறுபாடு, மின்தடை, கடத்தி, காப்பான், தொடரிணைப்பு, பக்க இணைப்பு, மின்சுற்று, திறன், மின்னாற்றல். விளக்கம் எழுதாதீர்கள். நடுவில் இருக்கும் குறியீடு இரு மொழிக்கும் பொது, அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகலாம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 18 பாடம், ஆக ஆண்டுக்கு 180 சொல். பிள்ளைகளால் இது தாராளமாக முடியும்.

சொல்லை எங்கிருந்து எடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். இணையத்தில் தேடினால் தமிழில் அழகான இயற்பியல் குறிப்புகள் கிடைக்கும். அவற்றில் கணிசமானவை இலங்கைப் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே திணிவு என்பது நாம் நிறை என்று சொல்வது. அங்கே நிறை என்பது நாம் எடை என்று சொல்வது! அங்கே கதி என்றால் நம் வேகம், அங்கே வேகம் என்றால் நம் திசைவேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல். இரண்டும் நல்ல தமிழ்தான், ஒரே தாளில் இரண்டையும் கலந்தால் கணக்கு தப்பும். 5 கிலோ நிறையுள்ள பொருளுக்கு எடை சுமார் 49 நியூட்டன் என்று ஒரு குறிப்பும், நிறை 49 நியூட்டன் என்று இன்னொரு குறிப்பும் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? தமிழ்நாட்டு அரசுப் பாடநூலின் சொல்லை மட்டும் எடுங்கள். நம் பழைய புத்தகங்களில் வரும் பிராணவாயு, கரியமில வாயு போன்றவற்றை வாசிக்கும்போது அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தால் போதும், எழுதும்போது ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு. கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பிச் சொல்தாள் தயாரிக்க வேண்டாம், ‘பவர்’ என்ற சொல்லுக்குத் திறன் இருக்க வேண்டிய இடத்தில் அதிகாரம் வந்து உட்காரும்.

இரண்டாம் வகுப்பு சோதனைக்கு. ஒரு குழுவுக்குத் தேவையானவை: ஒன்றரை வோல்ட் பேட்டரி நான்கு, அவற்றுக்கான ஹோல்டர், 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர், சுவிட்ச், இரண்டு மல்டிமீட்டர், முதலைக் கிளிப் மாட்டிய வயர் ஆறு. எல்லாமே மும்பையின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும். அரை வாட் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பேசாமல் கால் வாட்டை எடுத்துக் கொடுப்பார். நான்கு பேட்டரி போட்டால் 6 வோல்ட், 60 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் 0.36 வாட் வெப்பம். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது. ரெசிஸ்டரின் வண்ணப் பட்டையையும் பாருங்கள். பழுப்பு, கருப்பு, பழுப்பு என்றால் 100 ஓம். பழுப்பு, கருப்பு, கருப்பு என்றால் 10 ஓம். பத்து ஓமைத் தெரியாமல் மாட்டிவிட்டால் இரண்டு பேட்டரியிலேயே 0.9 வாட், புகை வரும்.

செய்முறை அட்டை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், ஆறு சிறு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது. பிள்ளைகள் அதை மௌனமாக வாசிக்கட்டும், மூன்று நிமிடம். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒருவர் மற்றவருக்குத் தமிழில் செய்முறையைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். இந்த நேரத்தில் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. மொத்த முறையிலும் ஆசிரியர்களுக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். அடக்கமுடியாமல் மொழிபெயர்த்துவிட்டால் பழைய கதையே திரும்பும்.

பிறகு சுற்றை அமைக்கலாம். பேட்டரி, சுவிட்ச், மின்னோட்டம் அளக்கும் மீட்டர், ரெசிஸ்டர் எல்லாம் ஒரே வளையத்தில். மின்னழுத்தம் அளக்கும் மீட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் குறுக்கே. முதல் மீட்டரையும் குறுக்கே மாட்டிவிடுவது பொதுவாக நடக்கும் பிழை. அப்படி மாட்டினால் மின்னோட்டம் முழுவதும் மீட்டர் வழியே பாய்ந்து உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். திரை மட்டும் எரியும், எப்போதும் பூஜ்யம் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாமல் பின்பக்க மூடியைக் கழற்றி ஃபியூஸை மாற்றுங்கள். தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்ற இரண்டு சொல்லும் பிள்ளைக்கு மறக்காமல் நிற்பது இங்கேதான், ஆகவே சுற்றைச் சரிபார்க்கும்போது அந்தச் சொற்களைச் சொல்லி இரு மொழியிலும் கேளுங்கள்.

ஒரு பேட்டரி, இரண்டு, மூன்று, நான்கு என்று நான்கு அளவீடு. ஏறத்தாழ 15, 30, 45, 60 மில்லி ஆம்பியர் வரும். பேட்டரி புதிதானால் ஒவ்வொன்றும் 1.6 வோல்ட் காட்டும், அதனால் மின்னோட்டமும் கொஞ்சம் கூடும். புத்தகத்தில் 1.5 என்று இருப்பதால் அட்டவணையில் 1.5 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. மீட்டரில் பார்த்ததை எழுத வைக்க வேண்டும். அட்டவணையின் தலைப்பும் அலகும் ஆங்கிலத்தில். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கும்போது மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்றாமல் 1.5ஐ 15ஆல் வகுத்து 0.1 ஓம் என்று எழுதுவார்கள். ரெசிஸ்டரில் 100 என்று வண்ணம் சொல்கிறது, விடை 0.1 என்று வருகிறது, ஏன் என்று தமிழில் வாதாட விடுங்கள். ஆயிரத்தால் வகுக்க எங்கே விட்டோம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

முடிவுரையை முதலில் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லிச் சரியான பிறகே ஆங்கிலத்தில் எழுதலாம். தொடக்கத்தில் இரண்டு இடம் காலியாக விட்ட ஆங்கில வாக்கியச் சட்டம் கொடுக்கலாம். மூன்றாவது பாடத்துக்கு மேல் சட்டத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஊன்றுகோலாக நின்றுவிடும். அடுத்த சோதனையில் திசையை மாற்றுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலின் ஒரு பத்தியைத் தமிழில் வாசித்து, படம் வரைந்து ஆங்கிலத்தில் பாகம் குறிக்கலாம்.

நேரம் மிஞ்சினால் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு டார்ச் பல்பு மாட்டிப் பாருங்கள். இழை உள்ள பழைய வகை வேண்டும், எல்இடி ஆகாது. அது 300 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். இழை சூடாகச் சூடாக மின்தடை கூடுவதால் வரைபடம் வளையும். புத்தகத்தில் நேர்கோடு இருப்பதால் வளைந்த புள்ளிகள் மேலும் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுப்பார்கள். ஓம் விதி மாறாத வெப்பநிலைக்கு உரியது என்ற நிபந்தனையை அங்கே பேசலாம்.

மின்னோட்டத்தை விட்டுப் பொதுவாகச் சொல்வதானால், ஆங்கிலத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவது கலைச்சொல்லில் குறைவு, சின்னச் சொற்களில் அதிகம். ‘சப்ட்ராக்ட் 5 ஃப்ரம் 12’ என்றால் 5 கழித்தல் 12 என்று எழுதுகிறார்கள். தமிழில் பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழி என்று பெரிய எண் முதலில் வருகிறது, ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். ‘மீட்டர் பெர் செகண்ட்’ என்பதும் அப்படியே. வினாடிக்கு 5 மீட்டர் என்று தமிழில் நினைத்துக்கொண்டு, அலகில் வினாடியை மேலேயும் மீட்டரைக் கீழேயும் எழுதிவிடுவார்கள். நம் ஊர்ப் பேச்சில் ‘இன்டு’ என்றால் பெருக்கல், ஆங்கிலப் புத்தகத்தில் அதே சொல் வகுத்தலோடும் வரும். இவற்றுக்கு அகராதி உதவாது. வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், இத்தகைய ஐந்து வரிகளைக் குறியீடாக மாற்றும் பயிற்சி மட்டுமே உதவும். அதை வாய்ப்பாடு போல வாரம் தவறாமல் நடத்த வேண்டும்.

தேர்வுக் கட்டளைகளும் தனியாகப் பழக்க வேண்டியவை. மகாராஷ்டிர வாரியத் தாளில் ‘கிவ் சயன்டிஃபிக் ரீசன்ஸ்’, ‘டிஸ்டிங்க்விஷ் பிட்வீன்’ என்று ஆண்டுதோறும் வரும். முதலாவதில் காரணத்தைத் தனித்தனி வரியாக, காரணத்திலிருந்து விளைவுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் விளைவை மட்டும் வேறு சொற்களில் திருப்பி எழுதுகிறார்கள். இரண்டாவதில் இரு பத்தியிலும் ஒரே அடிப்படையை ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் அலகையும் மறுபக்கம் கருவியையும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. இதை முதலில் தமிழில் பேசிப் பழக்கினால் ஆங்கிலத்தில் எழுதுவது எளிது, தர்க்கம் எந்த மொழிக்கும் ஒன்றுதான்.

விடைத்தாள் திருத்துவதில் ஒரு வேண்டுகோள். முதல் சுற்றில் அறிவியலுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். இரண்டாம் சுற்றில் ஆங்கிலத்தைப் பாருங்கள், அதிலும் ஒரு தாளுக்கு மூன்று பிழை திருத்தினால் போதும், பொருளைக் கெடுக்கிற மூன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை தெளித்தால் அடுத்த முறை பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

எந்த வகுப்பில் எவ்வளவு என்பதில் எங்கள் கருத்து இது. ஏழாம் வகுப்பு வரை பாடம் தமிழில், சொல்தாளும் படத்தின் பாகப் பெயர்களும் இரு மொழியில். எட்டாம் வகுப்பில் செய்முறை அட்டைகள் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும், எழுத்து பாதிப் பாதி. ஒன்பதிலும் பத்திலும் எழுத்து முழுவதும் ஆங்கிலம், குழுப் பேச்சு தமிழ். ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தக் கடைசிக் கட்டம் பொருந்தும், அவர்களில் பலர் ஒரு வரியைக்கூடச் சொந்தமாக விளக்கத் தெரியாமல் மனப்பாடத்தில் ஓட்டுகிறார்கள். எல்லாப் பாடத்தையும் இந்த முறையில் நடத்த நேரம் போதாது. விசை, மின்னோட்டம், அமிலம் காரம், செல் போன்ற அடித்தளப் பாடங்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு கூடுதலாக ஒதுக்குங்கள். வகைப்பாடு, விண்வெளி போன்றவை தாமாகவே நகரும்.

அறிவியல் ஆசிரியருக்குத் தமிழ் தெரியாதே என்றால் அதற்கும் வழி இருக்கிறது. குழுப் பேச்சில் ஆசிரியர் தலையிடத் தேவையில்லை என்பதால் அவர் தமிழ் பேச வேண்டியதில்லை. சொல்தாளைத் தமிழாசிரியரோடு உட்கார்ந்து ஒரு பாடத்துக்கு அரை மணியில் தயாரித்துவிடலாம். வேல்ஸிலும் வெல்ஷில் இயற்பியல் நடத்த ஆள் கிடைப்பது இன்றும் கடினம்தான். 2015க்குப் பின் பாடத்திட்டம் மாறியபோது வெல்ஷ் பாடநூல்கள் ஆங்கிலப் பதிப்புக்குப் பின்தங்கி வந்ததும் அங்கே பெரிய புகாராயிற்று. 180 சொல்லை ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு மும்பையின் தமிழ் அமைப்புகள் ஜூன் மாதத்திலேயே பிள்ளைகள் கையில் சேர்த்தால் அந்தச் சங்கடம் நமக்கு வராது. ஆண்டுவிழாவில் கேடயம் வாங்கும் செலவில் ஒரு பகுதி போதும். 1974இல் தொடங்கி இப்போது மான்குர்ட்டில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளோடு பணியாற்றிய நிறுவனம். ஆசிரியர்கள் ஒருமுறை அங்கே போய் வருவது நல்லது.

நுழைவுத் தேர்வு பற்றிப் பெற்றோர் பலர் தவறாக நம்புகிறார்கள். நீட் தேர்வு தமிழிலும் உண்டு என்பது சரி. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களின் மையங்களில்தான் கிடைக்கும், மும்பை மையத்தில் கிடைக்காது. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினுக்கும் அதே நிலை. தமிழ்த் தாள் எடுத்தாலும் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்கு போயிற்று. கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் தரச் சொல்லி அந்த ஆண்டு ஜூலையில் தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே பிள்ளையைத் திருநெல்வேலியிலோ சென்னையிலோ தமிழ்த் தாள் எழுத வைக்க நினைப்பவர்கள், ஆங்கில வரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாசிக்கும் பழக்கத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அந்தக் கேள்வித்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். மொழியை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும், தேர்வு மையத்துக்குப் போன பிறகு மாற்ற இயலாது.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
தாராவி, சயான் வட்டாரம், மும்பை.